புதன்கிழமை, இரண்டு இருபது

போன நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டே மேருயெர்ட் இதை என்னிடம் முதன்முதலாகச் சொன்னாள். மேல்மாடியில் குடியிருப்பவள்.

அல்மாட்டியில், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கணினி அறையில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து இரண்டு மணி வரை அவள். இரண்டுக்கு மேல் எர்டென். ஐம்பத்தெட்டு வயது, எல்லாருக்கும் அவர் எர்டென் அகா, பெரியவர் என்ற மரியாதை.

புதன்தோறும் சர்வர் கால் மணி நேரம் படுத்துவிடுகிறது என்று புகார்; எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை. அழைப்புகள் வேறு மையத்துக்குத் திரும்பியதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அப்போது பணியில் இருந்தவருக்கு வேலை போகும் என்று மேலாளர் ரௌஷான் சொல்லிவிட்டார்.

மேருயெர்ட்டுக்குக் கவலையே இல்லை. சர்வர் பதில் சொல்கிறதா என்று கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பை மூன்று மாதத்துக்கும் ஏபிஐ என்கிற இணைப்பு வழியாகக் கேட்டு வாங்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஷிப்ட் முடிந்ததும் வந்ததை அச்செடுத்துக்கொண்டு ரௌஷான் முன்னால் போய் நின்றாள்.

"பாருங்க, எல்லாப் புதனும் ரெண்டு இருபதுக்கு விழுது. ரெண்டு முப்பத்தஞ்சுக்கு எழுந்துக்குது. என் ஷிப்ட் இல்ல."

ரௌஷான் எர்டென் பக்கம் திரும்பினார். "என்ன அகா, மத்தியானம் தின்ன குதிரைக்கறி கண்ணைச் சொக்க வெச்சிடுச்சா?"

எர்டென் தாளை வாங்கிப் பார்த்தார். நேரத்தின் மேல் அவர் விரல் சற்று நின்றது. மடித்துக் கொடுத்துவிட்டார்.

"வயசாயிடுச்சில்ல. என் தப்புன்னே எழுதிக்குங்க."

"அப்போ இன்னிக்கே கடிதம் கொடுத்திடுங்க."

"சரி."

மேருயெர்ட் இருக்கைக்கு வந்து, கோப்பில் வைப்பதற்காக இன்னொரு முறை புரோகிராமை ஓட்டினாள். அந்த நிமிடத்துக்கான கடைசி வரி நாலு நாற்பது என்றது. சுவர்க் கடிகாரத்தில் மூணு நாற்பது.

மென்பொருள் கிரீன்விச் நேரம்தான் தரும். உள்ளூர் நேரத்துக்கு ஆறு மணி நேரம் கூட்டுவது அவள் பழைய பழக்கம். அந்த வருஷம் மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஐந்துதான் என்று அரசு மாற்றியதைக் கை மறந்துவிட்டது.

அப்படியானால் சர்வர் விழுந்தது ஒன்று இருபதுக்கு. அவளுடைய ஷிப்டில்.

இறைவன் பொறுத்துக்கொள்ளட்டும், புதன்கிழமைகளில் ஒரு மணிக்கே அவள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவாள். அம்மாவுக்குச் சூப் ஊட்ட.

எர்டென் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"அகா, நேரம் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்ததுமே தெரிஞ்சுது."

"அப்போ புதனெல்லாம் சர்வரை எழுப்பிவிட்டது..."

"முதல் வாரம் தற்செயலா சீக்கிரம் வந்தேன். சர்வர் விழுந்து கிடந்துது, உன் நாற்காலி காலி. அப்புறம் புதன்னா அந்த ஒன்றரை மணி பஸ்லயே வந்துட்டேன். அதுக்கு முன்னால பஸ் இல்ல மகளே. இருந்திருந்தா அந்தக் கால் மணியும் விழாம பார்த்திருப்பேன்."

அவள் ஆறை ஐந்தாக்கி, புதுத் தாளோடு போய் ரௌஷானின் கதவைத் தட்டினாள்.

இன்று வேண்டிக்கொள்ளும்போது எர்டென் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.