வலித்தால் இடது கை

"வலிச்சா இடது கைய தூக்குங்க, நிறுத்திடறேன்."

முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்களை அவள் அடையாளம் கண்டபோது உதட்டில் பாதியும் நாக்கில் பாதியும் மரத்துப்போயிருந்தன.

ஊசி போட்டது உதவி டாக்டர், சின்னப் பெண். "ரூட் கேனல் பெரிய டாக்டர்தான் பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். பெரிய டாக்டர் யார் என்று கேட்டுக்கொள்ளப் பல்வலிக்காரிக்கு ஏது பொறுமை? கண்ணில் பட்ட முதல் கிளினிக்குக்குள் அவளை இழுத்துவந்த தங்கை, வெளியே பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்த அவள் மனநல ஆலோசகர். அந்தக் கண்களுக்குரியவர், ஒரு காலத்தில் வியாழக்கிழமைதோறும் அவள் எதிரே உட்கார்ந்து, மனைவி இறந்த பின் நடுங்கத் தொடங்கிய கைகளை மடியில் ஒளித்துக்கொண்டிருந்தவர். மூன்று வருஷம் இருக்கும்.

தன்னிடம் வந்துபோனவர்களை வெளியே பார்த்தால் அவள் தானாகச் சிரிக்க மாட்டாள். கல்யாணப் பத்திரிகை வைத்தால் போக மாட்டாள். காய்கறிக் கடையில் எதிரே வந்துவிட்டால் குனிந்து வெங்காயம் பொறுக்கத் தொடங்கிவிடுவாள். தொழில் அப்படி. வீட்டில் வெங்காயம் எப்போதும் மீந்து கிடக்கும்.

இங்கே பொறுக்க வெங்காயமும் இல்லை. வாய் நிறையப் பஞ்சு, ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"நீங்க பேச முடியாது, நான்தான் பேசணும்" என்றார் அவர். "நமக்கு அது பழகினதுதானே."

மிஷின் ஓடியது. அவர் கை இம்மியும் அசையவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மனசும் தாடையைப் போலவே இருந்தது. தொடுவது தெரிகிறது, வேறெதுவும் தெரியவில்லை.

மிஷினை நிறுத்தினார்.

"குணமாயிட்டீங்க, இனிமே வர வேண்டாம்னு சொன்னீங்களே, அன்னிக்கு வெளிய வந்து வண்டி சாவிய போட முடியல, கை அப்படி உதறுது. அதுக்கப்புறம் ஒரு வருஷம் இந்த மிஷின தொடவே இல்ல. ஆனா நீங்க சொன்னா காரணம் இருக்கும்னு நினைச்சேன். இதுவும் வைத்தியத்துல ஒரு வழிதான்னு பல்ல கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

குற்றமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நன்றியாகச் சொன்னார்.

அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள். 'ஆ' என்றுதான் வந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அவர் பஞ்சால் துடைத்துவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். உங்களோட எங்கயாவது உக்காந்து ஒரு காபி குடிக்கணும். பேஷன்டா இல்ல. வேண்டாம்னா கைய தூக்குங்க, மறுபடி கேக்க மாட்டேன்."

கையைத் தூக்காமல் இருந்தால் போதும். ஆசைப்பட்டது ஒன்று, அவள் சும்மா இருந்தாலே கிடைக்கிற நேரம் இது. தொழில் விதிகள்கூட இத்தனை வருஷம் போனால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இடது கை எழுந்தது. நடுங்கியது.

அவர் அந்தக் கையையே பார்த்தார். நடுங்குகிற கையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். உண்மையைத்தான் சொன்னாள்.

அவர் மிஷினை அதன் இடத்தில் வைத்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டுப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். "டாக்டர், மீதிய நீங்க முடிச்சிடுங்க. இவங்கள நான் பாக்கறது முறையில்ல."

சின்னப் பெண் வந்து, இன்னும் இறங்காமல் நின்ற கையைப் பார்த்துப் பதறி, இன்னொரு ஊசி போடட்டுமா என்று கேட்டாள். நாற்காலியில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முறையில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அன்று அவரை வேறொரு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கலாம்.

மூன்று வருஷத்துக்கு முன், அவரை அனுப்பிய அன்று காலை அவள் கண்ணாடி முன் நின்று இரண்டாவது முறையாகத் தோட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். தங்கை பின்னால் வந்து நின்று சிரித்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு வியாழக்கிழமையா?"

சாயங்காலமே அவர் குணமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டாள்.