சூட்டுப் பெட்டியில் சாக்ஸ்

ஆய்வகத்தின் சூட்டுப் பெட்டியைத் திறந்ததும் கால் நாற்றம் ரூபாவின் முகத்தில் அடிக்கிறது. மஞ்சள் விளக்கின் கீழே, சொட்டுத் தண்ணீர் விடாமல், நாற்பத்திரண்டு டிகிரியில், ரகத்துக்கு ஒரு தொட்டியாக நெல் நாற்றுகள் வதங்குகின்றன. சூட்டில் மற்ற புரதங்கள் திரிந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதம் எந்த ரகத்தில் அதிகம் என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. மேல்கம்பியில் ஓசூர் மழையில் நனைந்த இரண்டு சாக்ஸ் தொங்குகின்றன. அந்த அழுக்குநீர் சொட்டிய தொட்டி மட்டும் பச்சையாக நிற்கிறது. அவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "யாருதுங்க சார் இது?" "என்னுதுதாம்மா. சூடு சும்மாதானே ஓடிட்டிருக்குது?" என்கிறார் ஆய்வகத் தலைவர் அசோக்குமார். பச்சைத் தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது. "பாத்தியா, இந்த ரகம் தாங்குது! ரிப்போர்ட்ல போட்டுரு." ஒரு சாக்ஸை எடுத்து முகர்ந்து பார்க்கிறார். "இன்னும் காயல" என்று அதே தொட்டிக்கு மேலே திருப்பித் தொங்கவிடுகிறார்.