சிவப்பு வராத ஸ்கான்

பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேணும் என்று தேனுஜா மனதுக்குள் பொருமினாள்.

ஸ்டுட்கார்ட்டில் மூட்டுவாத டொக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்பவள் அவள். ஜெர்மன் விளங்காத தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்ப்பும் அவள் தலையில்தான் விழும்.

இன்று வந்திருப்பவர் குணேஸ்வரி. ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற வேலை. டொக்டரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த டெர்மின் இது.

"காலமை எழும்பினா கையைப் பொத்திப் பிடிக்க ஏலாது பிள்ளை. சட்டைக்குத் தெறி பூட்டவும் என்ர மனுசன்தான் வரவேணும். இப்பிடியே போனா வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள். இதுக்கு ஊசி ஒண்டு இருக்காமே, டொக்டரிட்டைக் கேட்டுப் பாருங்கோ."

தேனுஜா மொழிபெயர்த்தாள். முகத்தில் சிரிப்பு, உள்ளே எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. போன கிழமைதான் கோயில் திருவிழா முடிந்தது. மடப்பள்ளிப் பொறுப்பு தேனுஜாவின் அம்மா சுகன்யாதேவியிடம். அங்கே இதே குணேஸ்வரி, இதே கையால், தட்டுத் தட்டாக மோதகம் பிடித்து அடுக்கியதை அவள் கண்ணால் கண்டவள். ஒரு நாளா இரண்டு நாளா, பத்து நாளும்! கோயிலில் ஓடுகிற கை டொக்டரைக் கண்டதும் ஓடாதாம்.

"இரத்தப் பரிசோதனையில் தெளிவாக ஒன்றும் இல்லை" என்றார் டொக்டர். "ஸ்கான் செய்து பார்த்துத்தான் ஊசியைப் பற்றி முடிவெடுக்கலாம்."

ஜெல்லைப் பூசி, விரல் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் கருவியை வைத்து ஓட்டினார். மூட்டுக்குள் அழற்சி இருந்தால் திரையில் சிவப்பாகத் தெரியும். பரீட்சை மறுமொழி பார்க்க வந்த பிள்ளை மாதிரி குணேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு வரவில்லை. ஒரு புள்ளிகூட வரவில்லை.

டொக்டர் யோசித்தார். "அண்மையில் கோர்ட்டிசோன் மாத்திரை எடுத்தாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அழற்சி அமுங்கிவிடும், ஸ்கானில் காட்டாது."

"அன்ரி, கோர்ட்டிசோன் போட்டனீங்களோ?" அது என்ன, எதற்குக் கேட்கிறார் என்றெல்லாம் விளக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"அது என்னண்டே எனக்குத் தெரியாது பிள்ளை. அப்பிடி ஒண்டும் போடேல்லை."

"இல்லையாம்" என்றாள் தேனுஜா.

அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "போன கிழமை முழுக்க இவர் கோயிலில் சமையல் வேலை செய்ததை நானே பார்த்தேன். கை நன்றாகத்தான் வேலை செய்தது" என்று ஜெர்மனில் சேர்த்துச் சொன்னாள்.

தனக்காகத்தான் ஏதோ பரிந்து பேசுகிறாள் என்று நினைத்து குணேஸ்வரியும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

டொக்டர் பேனாவை மூடினார். "அப்படியானால் இப்போது ஊசி தர முடியாது. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்."

"ஆறு மாசமோ?" குணேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுவரைக்கும் என்னை வேலையில வைச்சிருப்பாங்களே?"

"நான் என்ன செய்யிறது அன்ரி, ஸ்கான் பொய் சொல்லாதே."

வெளியே வந்து தேனுஜா கணினியில் அடுத்த டெர்மினைத் தேடினாள். குணேஸ்வரி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. அந்த வெள்ளைக் குளிசை இன்னும் ஒரு பெட்டி எடுத்துத் தருவீங்களே?"

"எந்தக் குளிசை?"

"உங்கட அம்மா தந்தது. கை வீங்கிக் கிடக்கு, இந்தமுறை மோதகம் பிடிக்க வரேல்லை எண்டு சொன்னனான். அவா விடேல்லை. 'என்ர முழங்காலுக்கு மகள் தன்ர வேலையிடத்தால கொண்டந்து தந்த குளிசை, பயப்பிடாமல் போடுங்கோ' எண்டு தந்தவா. மூண்டே நாளில வீக்கமெல்லாம் வத்திப் போச்சு. நேற்றுக் காலமையோட முடிஞ்சுது. நல்ல மருந்து, பேர்தான் எனக்குத் தெரியாது."

தேனுஜாவுக்குப் பெயர் தெரியும். நோயாளி ஒருவர் மிச்சமென்று திருப்பிக் கொடுத்த கோர்ட்டிசோன் பெட்டியை, கழிவுப் பெட்டிக்குள் போடாமல் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் அவள்தானே.

டொக்டரின் அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. எழும்பிப் போய்ச் சொன்னால், இன்றைய ஸ்கான் செல்லாது என்று இன்னொரு நாளில் எடுப்பார். குளிசை எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்.

தேனுஜா எழும்பவில்லை. ஒரு துண்டில் அடுத்த திகதியை எழுதினாள்.

"அந்தக் குளிசை இனி இல்லை அன்ரி. அதைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ. நவம்பர் பதினெட்டு, காலமை எட்டரை. சரியே?"

குணேஸ்வரி டெர்மின் எழுதிய துண்டை வாங்கி, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. எங்களுக்காகக் கதைக்க எங்கட பிள்ளை ஒண்டு இஞ்ச இருக்கிறது எவ்வளவு பெரிய உதவி!"