அப்பீல் எதுக்கு?

வக்கீல் ஒரு கருணைக் கடல். மேசையில் கவிழ்ந்து கிடந்த பழுப்புக் கவர் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பேனாவைத் தாமே திறந்து தையல்காரரிடம் நீட்டினார்.

“அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா, ரெண்டு வருஷ ஜெயில் ஒன்றரை வருஷமாகும்.”

“சார், துணிக்கடையில திருட்டு நடந்த அன்னைக்கு நான் ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன். மேல்கோர்ட்ல சொன்னா...”

“கீழ்க்கோர்ட்டே நம்பலையே!”

“ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டைப் பார்த்துமா நம்பலை?” என்று கேட்டாள் தையல்காரரின் மனைவி.

“சட்டம் அப்படிம்மா. மேல்கோர்ட்டுக்குப் போனா ஒவ்வொரு காகிதத்தையும் தோண்டித் துருவுவாங்க. அந்த அவமானமெல்லாம் எதுக்கு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போட்டுடுங்க. கூடப் பிறந்த அண்ணன் மாதிரி சொல்றாரு.”

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். கூடப் பிறக்காத அண்ணன் வாசல்வரை வந்து, இருவரையும் தைரியம் சொல்லி வழியனுப்பி வைத்தார்.

திரும்பி வந்து, மிச்சத் தேநீரைக் குடிக்கக் கோப்பையைத் தூக்கினார். அடியிலிருந்த கவரும் ஒட்டிக்கொண்டே வந்தது. பிய்த்துப் புரட்டினார்.

முன்பக்கம் ஆஸ்பத்திரி முத்திரை. பின்பக்கம் ஆறு மாதத் தேநீர்க் கறை, வட்டம் வட்டமாக. வழக்கு வந்த முதல் நாளே அந்த அம்மாள் கொண்டுவந்து கொடுத்த கவர்.

பசை போட்டு ஒட்டியிருந்த அதன் வாய் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. இனிப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.