அண்ணன் முகத்தில் ஓடும் டாக்சி

போன வெள்ளிக்கிழமை பிரார்த்தனை முடிந்து நடந்து வரும்போது, மாடி வீட்டு டாக்சிக்காரரின் மனைவி எனக்குச் சொன்னது இது.

ரொம்ப நாளாக எனக்கு அவள் கணவர் மேல் ஒரு மனத்தாங்கல். விடிந்ததும் அவருடைய அண்ணன் வருவார். இவர் போனை நீட்டுவார். அண்ணன் அதற்கு முகத்தைக் காட்டுவார். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆள் மாறாட்டம் பாவமில்லையா என்று அன்றைக்குக் கேட்டே விட்டேன்.

"வேற வழி இருந்துச்சாக்கா?" என்றாள்.

வண்டி அவர்களுடையது. ரோடு நம்முடையது. ஆனால் தினமும் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு ஓட்டலாமா கூடாதா என்று சொல்வது கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனியின் டாக்சி ஆப். அந்த ஆப் இல்லாமல் கையைக் காட்டி ஏறுகிறவர்கள் இப்போது யார்?

ஈறு கெட்டு, பல்லையெல்லாம் பிடுங்கியதில் இவருக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. 'இது நீங்கள் இல்லை' என்று சொல்லிவிட்டதாம் ஆப். எழுதிக் கேட்டால், 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்ததாம். அதை வைத்து அடுப்பு எரியுமா?

அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. ஆனால் அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்ற சண்டையில் பேச்சு நின்று பல வருஷம். இவள் போய் அழுதாள். அண்ணன் வந்தார். ஆப் உடனே பச்சை காட்டியது.

"கண் காணாத தேசத்துக்காரனுக்கும் நான்தான் லட்சணம்னு தெரியுதே" என்றாராம், தம்பியைப் பார்க்காமல் இவளிடம்.

முதலில் வாசலோடு போனார். பிறகு தலை சீவி, பவுடர் பூசி வர ஆரம்பித்தார். அப்புறம் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார். "அவனைப் பார்த்து ஓட்டச் சொல்லும்மா" என்பது மெல்ல மெல்ல "பிரேக் சத்தம் போடுது, கவனிடா" என்றானது.

"எல்லாம் சரிதான். அவர் ஒரு பல் செட்டு கட்டிக்கிட்டா இந்தப் பொய்யே வேண்டாமே" என்றேன்.

"போன மாசமே கட்டியாச்சுக்கா. ஆப் இப்ப இவரையே ஒத்துக்குது."

"பின்னே அண்ணன் ஏன் இன்னும் வர்றார்?"

"அவருக்குத்தான் தெரியாதே. அவர் சைக்கிள் சத்தம் கேட்டா போதும், இவர் பல்லைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிறார்."

அந்த அண்ணனை நீங்கள் எங்கேயாவது பார்த்தால், பல் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.