சத்தம் போடும் பல்செட்

"டாக்டரம்மா, நீங்க கட்டிக் குடுத்த பல்லு ரொம்ப நல்லாப் பொருந்திருச்சு. அதான் தொந்தரவே."

சந்திரலேகா நிமிர்ந்து பார்த்தாள். காரைக்குடியில் கிளினிக் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு புகாரோடு யாரும் வந்ததில்லை.

எதிரே ஈஸ்வரன். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் காவலும் சமையலும் பார்ப்பவர். வயசு அறுபதுக்கு மேல். போன வாரம்தான் மேலும் கீழுமாக முழுசெட் வாங்கிப் போனார். எலும்பில் திருகு வைத்துக் கட்டும் நிரந்தரப் பல், கழற்றி மாட்டும் பல் என்று அவள் தொண்டை வறள விளக்கியதற்கு, "கழட்டுறதே குடுங்க" என்று ஒரே பேச்சில் முடித்த மனுஷன்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீக?"

"லேசா ஆடணும். சோறு மெல்லுறப்ப டக் டக்குன்னு சத்தம் வரணும்."

"விளையாடுறீகளா? ஆடுற பல்லு ஈறைப் புண்ணாக்கிரும்."

அவர் மடியிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு பல்செட். வெற்றிலைக் கறையேறி அவளைப் பார்த்து இளித்தது.

"இந்தா, இது மாதிரி சத்தம் வரணும்."

"யாருது இது?"

"எங்க செட்டியாரோடது. அவுக தவறி முப்பத்தஞ்சு நாளாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்லக் கூடாது, நானே போட்டுப் பாத்தேன். வாயில நிக்க மாட்டேங்குது."

சந்திரலேகா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். செத்தவர் பல்லை வாயில் போட்டுப் பார்த்தாராமே, இதென்ன கூத்து!

"என்னால முடியாது. எந்திரிங்க."

"சரி விடுங்க. நானே அரத்தை வச்சு ராவிக்கிறேன்."

அவர்பாட்டுக்குப் போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து, கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அழகி பேயடித்த முகத்தோடு வந்தாள். அவளுக்கும் கண்டனூர்தான்.

"டாக்டர், எங்க தெருவுல, தவறிப்போன லட்சுமணன் செட்டியார் வீடு இருக்குல்ல? விளக்கு வச்சதும் உள்ளேயிருந்து பல்லுச் சத்தம் கேக்குது. செட்டியார் சாப்புடுறப்ப கேக்குமே, அச்சு அசல் அதே சத்தம்! சனம் பயந்துபோயி அங்குட்டுப் போறதே இல்லை."

"வீட்டுல யாரு இருக்கா?"

"அவுக சம்சாரம் நாச்சியம்மை ஆச்சி மட்டும்தான். பாவம், கண்ணு தெரியாது. மகன் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டும் போகலை. தொணைக்கு அந்த ஈஸ்வரன்தான்."

சந்திரலேகாவுக்கு அந்தக் கறையேறிய பல்செட் ஞாபகம் வந்தது. அடப்பாவி! கண் தெரியாத பொம்பளையைப் பேய் காட்டி விரட்டிவிட்டு, அரண்மனை மாதிரி வீட்டைச் சுருட்டப் பார்க்கிறானா? அதற்கு என் கையாலேயே பல்லா?

"வண்டியில ஏறு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. உள்ளே காலை வைத்ததுதான் தாமதம், கேட்டது.

டக்... டக்...

பூட்டிக் கிடந்த அறைகளில் எல்லாம் பட்டு எதிரொலித்து, நாலு பக்கமிருந்தும் வந்தது. அழகி சந்திரலேகாவின் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், வாங்க போயிருவோம்."

சந்திரலேகாவுக்கும் பயம்தான். இருந்தாலும் சத்தம் வந்த பக்கம் நடந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மங்கலாக ஒரு பல்பு. ஆச்சி முன்னால் வெறும் இலை. எதிரே செட்டியார் உட்காரும் பலகையில் ஈஸ்வரன். இலை நிறையச் சோறு. ஒவ்வொரு வாய்க்கும் டக், டக்.

"போதுமாங்க?" என்று கேட்டார் ஆச்சி.

ஈஸ்வரன் பேசவில்லை. பல்லை ரெண்டு தரம் தட்டினார்.

அதன் பிறகுதான் ஆச்சி தன் இலையில் சோறு போட்டுக்கொண்டார்.

இவர்களைப் பார்த்துப் பதறிய ஈஸ்வரன், உதட்டில் விரல் வைத்தபடி முற்றத்துக்கு வந்தார்.

"வயசானவுகளை இப்படி ஏமாத்துறீகளே, வெக்கமா இல்லை?" சந்திரலேகா அடிக்குரலில் சீறினாள்.

"ஐயா சாப்பிட்ட பெறகுதான் ஆச்சி சாப்புடுவாக டாக்டரம்மா. அம்பது வருசப் பழக்கம். அவுக போனதுல இருந்து மோரைத் தவிர ஒண்ணும் எறங்கலை. கேட்டா, 'அவுக இன்னும் சாப்புடலையே'ங்கிறாக. நான் என்ன செய்ய? இந்தச் சத்தம் கேட்ட பெறகுதான் நாலு வாய் சோறு உள்ள போகுது." கையெடுத்துக் கும்பிட்டார். "ஆச்சிக்கிட்டச் சொல்லிப்புடாதீக."

சந்திரலேகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க. ஈறு புண்ணாகாம சத்தம் வர்ற மாதிரி நானே செஞ்சு தர்றேன்."

அவர் ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனார்.

"யாரு, பல்லு டாக்டரா? மருந்து வாசம் வருது. இங்குட்டு வாங்க தாயி." ஆச்சி கையை நீட்டி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தார். "நீங்க பேசுனது காதுல விழுந்துச்சு. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. அவுக சோத்தைக் கொறிப்பாக. இவன் பசியோட சாப்புடுறான். மொத நாளே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீக?"

"பல்லு போயி ஏழு வருசமா வெறும் கஞ்சியைக் குடிச்சிக்கிட்டுக் கெடந்தான். பல்லைக் கட்டுடான்னா, 'எனக்கு எதுக்கு ஆச்சி'ம்பான். எங்களோட உக்காந்து சாப்புடுடான்னா உக்காரவே மாட்டான். இப்பத்தான் இலை போட்டு வயிறார சாப்புடுறான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளைக்கே பல்லைக் கழட்டிட்டுக் கஞ்சிக்குப் போயிருவான். அவன்கிட்டச் சொல்லிப்புடாதீக."

"சொல்லலை ஆச்சி" என்று சந்திரலேகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆச்சி வெறும் பலகையின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"என்னங்க, நாளைக்கு ஈஸ்வரனை வாழைக்காய் வறுக்கச் சொல்லவா?"

அவசரத்தில், தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து, அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

டக், டக்.