ஓரத்துக் குடும்பம்

முந்தின நாள்தான் சென்னையிலிருந்து வந்திருந்த முதலாளியம்மா தமயந்தி, கேமராவும் கையுமாகப் பங்களாவின் பின்வாசலில் குனிந்து நிற்பதைப் பார்த்ததும் வாட்ச்மேன் செல்வமுருகனுக்கு வேர்த்துவிட்டது. செண்பகனூர் குளிரில் வேர்ப்பதே ஒரு சாதனைதான். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தபடி ஒட்டடைக் கம்போடு ஓடினான்.

"நீங்க உள்ள போங்கம்மா. ஒட்டடைய வெரசா அடிச்சிர்றேன்."

"தொடாதே! வலையில யார் இருக்கான்னு பாரு."

"சிலந்திங்க."

"நடுவுல இருக்கிற பெரியவ கட்டின வலை இது. ஓரத்துல கடுகளவுல வெள்ளியா மின்னுதே, அது வேற வகை. சொந்தமா வலை கட்டாம, அடுத்தவ இடத்துல சத்தமில்லாமக் குடித்தனம் பண்ணும். நேத்துலேருந்து கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குடும்பத்தோட படம் எடுத்தாச்சு."

கம்பு கீழே விழுந்தது.

"மன்னிச்சிருங்கம்மா! பள்ளங்கியில எங்க வீடு மழையில விழுந்துருச்சு. அதான் பொண்டாட்டி புள்ளையப் பின்னாடி ரூம்ல தங்க வச்சேன். இன்னைக்கே காலி பண்ணிர்றோம்."

தமயந்தி கேமராவை இறக்கினாள். "நான் சிலந்தியைச் சொன்னேன்ப்பா."

செல்வமுருகன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். அது கொஞ்சம் தாமதம்தான்.

"பெரியவ... விரட்டிருவாளாம்மா?" என்றான் மெதுவாக.

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றபடி தமயந்தி மறுபடியும் கேமராவில் கண்ணை வைத்தாள். "உன் சம்சாரத்தை முன்வாசல் வழியாவே வந்து போகச் சொல்லு. இந்தப் பக்கம் நடந்தா வலை அறுந்துரும்."